கங்கை கரிக்குமா?

என் பெயர் கங்கையம்மாள். இந்தப் பெயரை வைத்த என் அப்பா கங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஓரிக்கையை ஒட்டி ஓடுவது பாலாறு. அதிலும் மணலைத் தோண்டினால்தான் தண்ணீர்.

என் சமையலில் உப்பு ஒரு கல் தூக்கலாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே, வெயிலில் பாடுபடுகிற உடம்புக்கு அது வேண்டாமா? ஆனால் அறுபத்தேழாம் வருஷம் அண்ணன் வீட்டு விசேஷத்தில், அண்ணன் பெண்டாட்டி பூவம்மாள் பந்தி நடுவே, "கங்கை கையால சாப்ட்டா கடலுக்கே தாகம் எடுக்கும்பா" என்றாள். பந்தியே சிரித்தது. கரண்டியைப் போட்டுவிட்டு வந்தவள்தான், அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை.

பேச்சு நின்றதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவள் மகன் அர்ஜுனனுக்கும் என் மகள் அம்சாவுக்கும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். அதுவும் நின்றது. அதன் பிறகு அம்சா மாமா வீட்டுத் தெருப் பக்கமே போகவில்லை. அதைப் பார்த்தும், அண்ணி முதலில் வரட்டும் என்று நான், நான் முதலில் வரட்டும் என்று அண்ணி.

அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசி பௌர்ணமி. எங்கள் தெருவில் புத்த சங்கம் நடத்துகிறவர் என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு. பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிற வேலை அவருக்கு. புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் மாலை போட்டு, சென்னையிலிருந்து தனசேகரன் என்பவரைப் பேச அழைத்திருந்தார். பேச்சு முடிந்ததும் எல்லாருக்கும் சோறும் சாம்பாரும். சமையல் வேறு யார், நான்தான். அன்றைக்கு வீம்புக்கு ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. யார் வாயிலும் விழ வேண்டாம் பாருங்கள்.

தனசேகரன் நன்றாகத்தான் பேசினார். புத்தர் எதைச் சொன்னாலும் உவமை வைத்துத்தான் சொல்வாராம். அழுக்குத் துணியில் சாயம் சரியாகப் பிடிக்காது, அழுக்கு மனசில் நல்லது பிடிக்காது என்றார். என் வீட்டுக்காரர் தானே புத்தருக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி தலையாட்டினார்.

அப்புறம் வந்தது வினை.

"ஒரு டம்ளர் தண்ணியில ஒரு கட்டி உப்பப் போட்டா குடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியாது என்றது கூட்டம்.

"அதே கட்டிய கங்கையில போட்டா? கங்கை கரிக்குமா?"

கடைசி வரிசையில் எங்கள் தெரு வாயாடிப் பையன் பூவராகவன் எழுந்தான். "எங்க ஊரு கங்கை நல்லாவே கரிக்கும் சார்."

கொட்டகையே சிரித்தது. ஒன்றும் புரியாத தனசேகரனும் சேர்ந்து சிரித்துவைத்தார். எனக்குக் காது வரை சுட்டது. இது இவர் சொல்லிக் கொடுத்த வேலை என்று வீட்டுக்காரரை முறைத்தேன். சத்தியமாக இல்லை என்று அங்கிருந்தே கையை ஆட்டினார். அடுத்து அண்ணியைப் பார்த்தேன். அவள் மட்டும் சிரித்திருந்தால் நின்றுபோன அம்சாவின் கல்யாணம் அடியோடு முறிந்திருக்கும்.

அவள் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுப் பொண்ணு பேர வெச்சி இன்னாடா சிரிப்பு உனக்கு? ஒக்காரு" என்று அவனை ஒரு அதட்டு அதட்டினாள்.

எங்க வூட்டுப் பொண்ணு. நான் பிறந்த வீடுதானே அது. எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

தனசேகரன் மேலே சொன்னார். கட்டி அதே கட்டிதான், டம்ளருக்கு அது பெரிசு, ஆற்றுக்கு அது ஒன்றுமே இல்லை, மனசும் அப்படித்தான் என்றார். ஆக, ஒரு சொல்லுக்காக வருஷம் முழுக்கக் கரித்துக்கொண்டிருந்த நான் டம்ளர். பெயர் மட்டும் கங்கை.

பந்தி போடும் முன் அண்ணி அடுப்படிக்கு வந்தாள். நான் விறகைத் தள்ளிவிடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"இன்னா கங்கை, உப்பே இல்ல?"

"போட்டா தாகம் எடுக்கும்னாங்க."

அவள் முகம் வாடியது. "அன்னிக்கி வாய் தவறிடுச்சிமா. வந்து சொல்லலாம்னா நீ கதவ சாத்திக்கினு இருந்தே."

சட்டியிலிருந்து உப்பைக் கைநிறைய அள்ளி என்னிடம் நீட்டினாள். எங்கள் பக்கம் யாரும் உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் சண்டை வருமாம். புத்தர் எங்கள் தெருவுக்கு வந்தும் இந்தப் பயம் மட்டும் போகவில்லை.

"கீழ வை அண்ணி. கையில குடுத்தா சண்ட வரும்."

"இதுக்கு மேல இன்னா சண்ட வரப்போவுது? புடி. வெள்ளிக்கெழம உப்பும் மஞ்சளும் வாங்கப் போலாம், நீயும் வா."

கல்யாணச் சாமான் என்றால் எங்கள் ஊரில் முதலில் வாங்குவது உப்பும் மஞ்சளும்தான். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். கண் கலங்கியதற்கு அடுப்புப் புகை மேல் பழியைப் போட்டேன்.

"எவ்ளோ போடட்டும் அண்ணி?"

"எப்பவும் போடறா மாதிரியே போடு."

போட்டேன். சாப்பிட்டவர்கள் எல்லாரும் தண்ணீர் தண்ணீர் என்றார்கள். தனசேகரன் செம்பைக் கீழே வைக்கவேயில்லை. அண்ணி மட்டும் தண்ணீர் கேட்கவில்லை. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னாள்.