டூசானில் பத்து நாள்

இறுதிச் சடங்கு முடிந்த சாப்பாட்டுக்கு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் முதல் மேசையில் ஆர்டிஸும் மகள் ஜோலீனும் உட்கார்ந்திருந்தார்கள். காபி அண்டாவை ஒட்டி, இறந்துபோன அவள் கணவர் ஆர்வில்லின் மீன்பிடிக் கூட்டாளிகள் நால்வர். கதவோரக் கடைசி நாற்காலியில் மார்லிஸ். பனி விலகாத மினசோட்டாவின் மார்ச் மாதத்தில், அந்த அறையில் வெயில் பட்ட முகம் அவளுடையது மட்டும்தான். ஆர்டிஸைக் கட்டுவதற்கு முன்னால் ஆர்வில் இரண்டு வருடம் காதலித்துச் சுற்றிய பெண்.

"டூசான்லேர்ந்து வந்திருக்காங்கம்மா. ஒரு வார்த்தை பேசேன்."

"சாண்ட்விச் இருக்கு. சாப்பிடட்டும்."

டாக்டரின் கடிதம் ஆர்டிஸின் கைப்பையில் இருந்தது. ஆர்வில்லைக் கொன்றது நிமோனியா இல்லையாம். இறந்த மறுநாள்தான் ஆய்வகத்தில் தெரிந்ததாம். தெற்குப் பாலைவன மண்ணில் இருந்து, புழுதியோடு நுரையீரலுக்குள் போகும் பூஞ்சை. 'அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை என்றீர்கள். அப்படியானால் அது இங்கேயே பரவிவிட்டது என்று நான் அறிக்கை எழுத வேண்டும். உறுதிசெய்யுங்கள்.'

அன்று ஆஸ்பத்திரியில் ஜோலீன் பக்கத்தில் நின்றிருந்தாள். "எங்கயும் போகல டாக்டர். ஜனவரியில பத்து நாள் ஏரியில மீன் பிடிக்கப் போனாரு" என்று ஆர்டிஸ் சொல்லியிருந்தாள். ஆர்வில்லின் கோட்டுப் பையில், அந்தப் பாலைவனத்து ஊரான டூசானுக்குப் போன விமானச் சீட்டின் துண்டை அதற்கு முன்பே பார்த்திருந்தாள்.

கூட்டாளிகளில் ஒருவர் சிரித்தார். "இந்தக் குளிர்காலம் ஏரிப் பக்கமே தலைகாட்டலியே மனுஷன்! நீங்கதானே கட்டிப்போட்டது, ஆர்டிஸ்?"

ஜோலீன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆர்டிஸ் ஒரு கோப்பை காபியோடு எழுந்து கதவோரம் போனாள்.

"அங்க என்ன செஞ்சாரு?"

மார்லிஸ் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். "குழி தோண்டினாரு. ஏழு ஆரஞ்சுக் கன்னு வைக்க. ஒரே புழுதி. வேணாம்னாலும் கேக்கல."

"ஏழா?"

"ஏழு."

"என் லைலாக் பூச்செடிக்கு ஒரு குழி கேட்டு மூணு வருஷமாச்சு. முதுகு வலின்னாரு."

மார்லிஸ் காபியைத் தொடவில்லை. "அவரு டூசான் வந்ததை டாக்டர்கிட்ட சொன்னீங்கதானே, ஆர்டிஸ்? எங்க ஊர்ல இருமல்னு போனாலே முதல்ல அந்த மண்ணுப் பூஞ்சையைத்தான் பாப்பாங்க."

"ஆறிடும், குடி."

வீடு திரும்பியதும், கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் டாக்டருக்கு எழுதினாள்.

'1. ஜனவரி 9 முதல் 19 வரை அவர் டூசானில் இருந்தார்.
2. புழுதியில் ஏழு குழிகள் தோண்டினார்.
3. நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும்.'

யார் வீட்டில் என்று எழுத வந்தபோது பேனா நின்றது. பிறகு மார்லிஸின் பெயரை முழுதாக எழுதினாள்.

பின்னால் நின்று படித்த ஜோலீன், "மூணாவதை எழுதித்தான் ஆகணுமா?" என்றாள்.

"ஸ்டாம்பு எங்க வச்சே?"

உறையை ஒட்டினாள். சேறாகிக் கிடந்த பனியில் நடந்து, வாசல் தபால் பெட்டியில் வைத்து, எடுத்துப்போகத் தபால் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியை நிமிர்த்தினாள். தபால் வண்டி வந்து எடுத்துப்போகும்வரை அங்கேயே நின்றாள்.