சேற்றுக்கு இடம் விட்ட வண்டி

சகாயசெல்விக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. இனித் தலையில் சுமை ஏற்றவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மரக்காணம் உப்பளத்தில் தலைச்சுமை இல்லாமல் அவளுக்கென்று மிஞ்சியது ஒரே வேலைதான்: பாத்தியில் நிற்பவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவது. மேஸ்திரி தேசப்பன் அதையும் மனசில்லாமல்தான் கொடுத்தார்.

"வெயில் ஏர்றதுக்குள்ள தண்ணி வந்துடணும். இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

சுனாமி வருஷம் பங்குக்கோயில் மூலமாக வந்த வெளிநாட்டு சைக்கிள் அவளிடம் இருந்தது. வளைந்த கைப்பிடி, சுண்டுவிரல் தடிமனில் டயர். தார் ரோட்டில் பறக்கும். உப்பளக் கரையில் இறக்கினால் போச்சு, சக்கரம் சேற்றில் புதைந்துகொள்ளும்.

"இருக்கறதுலயே தடி டயரா போடுண்ணே" என்றாள் சைக்கிள் கடை மார்ட்டினிடம்.

"போட்டா சக்கரத்தைப் புடிச்சிருக்கற ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவுல விரல் நுழையாதும்மா. சேறு ஒட்டுனா எங்க போவும்?"

"சுத்துமா, சுத்தாதா?"

"கடையில சுத்தும்."

"அப்பப் போடு!"

பிடிவாதக்காரி, கேட்டால்தானே! மறுநாள் பாதிக் கரையில் உப்புச்சேறு ஃபோர்க்கில் அடைத்துக்கொண்டு வெயிலில் சிமெண்டாக இறுகியது. சக்கரம் நின்றது. அவள் குப்புற விழுந்தாள். இரண்டு கேன் தண்ணீரும் மண்ணுக்குப் போயிற்று. நாக்கு வறண்டு நின்றவர்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு ஒருநாள் பாக்கறேன். அதோட சரி" என்றார் தேசப்பன்.

சுற்றாத வண்டியை இழுத்துக்கொண்டு நேராகக் கடைக்கே போனாள். மூலையில் மீன்காரர்கள் ஓட்டும் பழைய பார் சைக்கிள் ஒன்று நின்றது. அதன் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் விரல்களை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

"இதைக் குடு, அதை நீ வெச்சுக்க."

"இது சுமக்கறதுக்குன்னே பண்ணதும்மா" என்றான் மார்ட்டின். "சக்கரம் பெருசு, வண்டியும் நீளம். பின்னால கேன் கட்டுனா குதிகால்ல இடிக்காது, முன்பக்கம் தூக்காது. ஆனா நடுவுல பார் இருக்குதே. பின்னால கேன் இருந்தா காலைச் சுத்திப் போடவும் முடியாது. புடவையோட எப்படி ஏறுவ?"

"அது என் பாடு."

சாயங்காலம் முழுக்கக் கோயில் மைதானத்தில் பழகினாள். புடவையை வரிந்து கட்டி, கல்மேல் நின்று, பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டாள். விழுந்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று மறுபடி ஏறினாள். முட்டி தோலுரிந்தது. அதற்கும் அசரவில்லை.

மறுநாள் கரையில் சேறு டயரில் ஏறியது, ஃபோர்க் இடைவெளி வழியாகப் பிதுங்கி விழுந்தது. சக்கரம் நிற்கவில்லை. வெயில் ஏறுமுன் பாத்தியோரம் போய்ச் சேர்ந்தாள்.

தேசப்பன் மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா இது, ஆம்பளைங்க வண்டியில வர்ற?"

சகாயசெல்வி மூச்சு வாங்கிக்கொண்டே சொம்பை நிரப்பினாள். "தண்ணி ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துட்டுக் குடிங்க மேஸ்திரி. இல்லேன்னா நவுருங்க, பின்னால தாகத்தோட நிக்கறாங்க."

அவர் நகரவில்லை. இரண்டு கையையும் குவித்து நீட்டினார்.