கங்காணி தொண்டையில் நடந்த அடிதடி

மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சூரியனை எழுப்புவது வீரமுத்து கங்காணியின் குரல்தான். அப்படி அவர் நம்பினார். விடிவதற்கு முன், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று அவர் பேர் கூப்பிட்டால் கடைசி லயத்து வீட்டுக் கைக்குழந்தையும் வீறிடும். வேறொரு தேசத்தில் பிறந்திருந்தால் மன்னர்களுக்குக் கட்டியம் கூறியிருப்பார். இங்கே பால்மரம் வெட்டிப் பால் எடுக்க வருகிறவர்களின் பரம்பரையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரல் ஒருநாள் உடைந்தது. கஷாயம், தேன், வேண்டுதல் எதற்கும் அது மசியவில்லை.

"கத்த முடியாத கங்காணி எனக்கு எதுக்கு?" என்றார் தோட்டத்துத் துரை. "சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா உனக்குக் கீழ இருக்குற ஜெயபாலன்தான் கங்காணி."

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் சின்னக் கண்ணாடியொன்றைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். அவர் சொன்னதை மருந்து கட்டுகிற டிரெசர் தோமஸ் தமிழில் சொன்னார்.

"உள்ள குரல் வர்ற மடிப்பு ரெண்டு இருக்குங்க கங்காணி. இடது மடிப்புல திராட்சை மாதிரி ஒரு சதை தொங்குது. நீங்க கத்துறப்பல்லாம் அது இடிச்சு இடிச்சு வலது மடிப்பும் தடிச்சுப் போச்சு."

"அப்ப இடது சண்டைக்காரன், வலது அடி வாங்கினவன்."

"அப்படியே வச்சுக்குங்க. சதையை டாக்டர் எடுத்துடுவாரு. வலது பக்கத்துத் தடிப்பு தானா வத்திடும். அதுவரைக்கும் ஒரு மாசம் வாயே தெறக்கக் கூடாது."

கங்காணிக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தில் அவர் தீர்க்காத அடிதடியா? அடித்தவனை விரட்டிவிடுவார், வழக்கு முடிந்தது. அடி வாங்கியவனுக்கு ஓய்வு கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

சதை போயிற்று. குரல் கொஞ்சம் திரும்பியது. ஊர் வந்த மறுநாளே களத்துக்குக் கிளம்பியவரை மனைவி பேச்சியம்மாள் வாசலில் மறித்தாள்.

"வாயை மூடிக்கிட்டுக் கெடங்க. இன்னொண்ணு உள்ள இருக்குல்ல?"

"அடிச்சவனையே வெரட்டியாச்சுடி. இவனுக்கு இனி என்ன குறை?"

"அர்ச்சுனன்!" என்று களத்தில் அவர் போட்ட முதல் சத்தம் மலை வரை போனது. "வேலு" பாதியில் கிழிந்தது. "கனகராஜ்" வெறும் காற்றாக வந்தது. அடி வாங்கியவன் ஒருவழியாகப் புகார் கொடுத்துவிட்டான்.

துரை பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அதைத் தட்டினால் ஆட்கள் வந்தார்கள். திட்டில்லாமல், முன்னைவிடச் சீக்கிரமாகவே. கங்காணி வேலை ஜெயபாலனுக்குப் போனது. தட்டுகிற இரும்புக் கம்பியைத் துரை பெரிய மனது பண்ணி வீரமுத்துவிடம் கொடுத்தார்.

பால்வாளியோடு போன பேச்சியம்மாள் நின்றாள்.

"மெதுவா இடிங்க. அதுவும் தடிச்சுப் போயிடப் போவுது."

அவளுக்குச் சொல்ல வீரமுத்துவிடம் அருமையான பதில் இருந்தது. வாயைத் திறந்தார், மூடினார், கம்பியை ஓங்கினார்.