பூதத்தை எந்தப் பெயரால் கூப்பிடுவது

1897-இல் கோலார் தங்கவயலில், கோரமண்டல் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில், எழுநூறு அடி ஆழத்து லெவலில், இரண்டடி உயரப் பூதம் ஒன்று குடியிருந்தது. பாறை சரியப் போனால் மூன்று தட்டு தட்டும். ஆட்கள் ஓடி வந்துவிடுவார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து வந்திருந்த அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. தட்டினால் போதாதா?

ஒரு திங்கட்கிழமை அது ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் ஏறி வெயில் காய மேலே வந்தது. சுரங்கத்துக்குப் பொறுப்பான கேப்டன் துரை, இங்கிலாந்தின் கார்ன்வால்காரர், "காப்ளின்!" என்று கத்தினார். அவர் ஊரில் அது கோரமான குட்டிப் பிசாசு. உடனே பூதத்தின் காது நீண்டது, முகம் கோணியது. துரைக்கே பழிப்புக் காட்டியது. தங்கம் சோதிக்கும் ஜெர்மானியர், "தப்பு, கோபோல்ட்" என்றார். அவர்கள் நாட்டில் அது வீட்டு வேலை செய்யும், சுரங்கத்தில் வெள்ளிக்குப் பதில் உதவாத கல்லை வைத்து ஏமாற்றும். கோபால்ட் என்ற உலோகத்துக்கே அதன் பெயர்தான். அவர் முடிப்பதற்குள் பூதம் பக்கத்திலிருந்த துரையின் பங்களாவுக்குள் புகுந்து பெருக்கி, மேஜையிலிருந்த தங்கத்தைக் கூழாங்கல்லாக்கியிருந்தது. பிரெஞ்சுப் பாதிரியார் "கோப்லான்" என்றார்; அவர் ஊரில் அது குதிரைகளைச் சீண்டும் குறும்பன். குதிரைகளின் பிடரியெல்லாம் சிக்காகிப் போயிற்று. சுருட்டு விற்க வந்த கிரேக்கர், எல்லாவற்றுக்கும் மூலம் தங்கள் 'கோபாலோஸ்', போக்கிரி என்று பொருள் என்று பெருமையடித்தார். பூதம் அவர் கடிகாரத்தை உருவிக்கொண்டது.

யார் சொல் மூத்தது என்று நால்வரும் மாறி மாறிக் கூப்பிட, பூதம் நாலு பக்கமும் ஓடியது. அதற்குள் கேஜ்காரர் தாமோதரன் மூச்சிரைக்க வந்தார். கீழே மேற்கூரை உதிர்கிறது. ராஜப்பாவும் பத்துப் பேரும் வெளியே வர மாட்டேன் என்கிறார்கள். "பூதம் தட்டலியே, அப்புறம் இன்னா பயம்னு கேக்கறாங்க!"

வெளியே கல் பொறுக்கிக்கொண்டிருந்த ராஜப்பாவின் மனைவி மங்கம்மா எழுந்து பங்களாவுக்குள் நுழைந்தாள். "பேரு வெக்கறதுக்கு இதுவா நேரம், துரை?" என்றவள் பூதத்தைப் பார்த்து, "மேஸ்திரி! உங்க ஆளுங்க கீழ கீறாங்க, இங்க இன்னா பண்றீங்க?" என்று அதட்டினாள்.

அதுவும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த சொல்தான். அங்கே அதற்கு ஆசான் என்று பொருள். கோலாருக்கு வருவதற்குள் வேலை செய்யாமல் வேலை வாங்குபவர் என்றாகியிருந்தது. பூதத்துக்குத் தொப்பை வந்தது, மீசை வந்தது, கையில் பிரம்பு வந்தது. கீழே போய்ப் பதினொரு பேரையும் முதுகில் பிரம்பால் இரண்டு போட்டு மேலே விரட்டியது. கடைசி ஆள் கேஜில் கால் வைத்ததும் பாறை சரிந்து லெவல் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு அது தட்டவில்லை. கேஜ் இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாயருகே பெட்டி போட்டு உட்கார்ந்து, ஆளாளுக்கு ஒரு வெற்றிலை பிடுங்கி, ஒரு நிமிஷம் பிந்தியவரையும் ஏசியது. பாறை சரியும் நாட்களில் மட்டும் கீழே போய் உதைத்துத் துரத்தியது.

"பூதமாவே உட்டிருக்கலாம்," என்று ராஜப்பா முதுகைத் தடவினான்.

"உசுரோட கீறே இல்ல? வாங்கிக்க," என்றாள் மங்கம்மா.