மாலைக் காற்றுக்கு ஒரு விலை

பகல் கரண்டை இப்போது சீந்துவார் இல்லை. கூரைக்குக் கூரை சூரியத் தகடு. உச்சி வெயிலில் சந்தை விலை தரையில் கிடக்கும். பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கெரிந்ததும் அதே விலை மளமளவென்று ஏறும். அக்காவின் பதினோரு காற்றாலைகளும் வெளுத்து வாங்குவது சரியாக அந்த நேரத்தில்தான். அரசாங்கம் நிலையான விலை கொடுத்த பழைய ஒப்பந்தம் போன மாதம் முடிந்தபோது, தெரிந்தவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். அவள் அசரவில்லை. பகலை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மாலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று மண்டையை உடைத்துக் கண்டுபிடித்திருந்தாள். மாலை போனால் காற்றாலைகளும் போய்விடும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. நாளைக்கு எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் தருவோம் என்பதை இன்றைக்குக் காலை பத்து மணிக்குள் பதிந்துவிட வேண்டும். கணக்குப் போடுவது அக்கா, கணினியில் பதிவது தம்பி. எட்டாவது காற்றாலைக்குப் பல்சக்கரம் தேய்ந்து, வேகமாகக் காற்றடித்தால் பொசுக்கென்று நின்றுவிடும். வீட்டில் அதற்கு வைத்த பெயர் நொண்டி. அக்காவின் கணக்குத் தாளிலும் அந்தப் பெயர்தான். அது எப்போது படுக்கும், எப்போது எழும் என்பது இவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது.

அன்று காலை ஒன்பது மணிக்கு இருவரும் கண்ணாடித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு மாலைக் கரண்ட் மொத்தத்தையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். மேலாளர் விலையைச் சொன்னதும் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதற்கு ஒரு காசு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுவேன் என்று முந்தாநாள் தம்பியிடம் மட்டும் சொல்லியிருந்த அதே விலை. தற்செயலாக இருக்கும் என்று மனதைத் தட்டிக்கொடுத்தாள். தம்பியோ, நல்ல விலை, கையெழுத்தைப் போடு என்று முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தான்.

இந்த விலைக்கு எப்படி வந்தோம் என்று காட்டுவதற்காக மேலாளர் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். பதினோரு வரிசை. எட்டாவதின் தலையில் அச்சடித்தாற்போல ‘நொண்டி’ என்று இருந்தது.

பாவி, அந்தப் பெயரையாவது மாற்றிக் கொடுத்திருக்கக் கூடாதா! கூடவே இருந்து குழி பறித்தவனுக்கு அதைக்கூட ஒழுங்காகப் பறிக்கத் தெரியவில்லை.

“சார், இது என்ன நொண்டி?” என்று கேட்டாள்.

“நீங்க வச்ச பேருதானேம்மா,” என்றார் மேலாளர் வெள்ளந்தியாக. “தம்பி குடுத்த கணக்குல அப்படித்தான் இருந்துச்சு. அடுத்த மாசம் இங்க மின்சாரப் பிரிவுக்கே அவர்தானே தலைவரா வர்றாரு. உங்ககிட்ட சொல்லலையா?”

தம்பி தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். “உனக்காகவும்தான்க்கா,” என்றான் மெதுவாக. “எத்தனை நாளைக்குக் காத்தை நம்பிக்கிட்டு உக்காந்திருப்ப?”

“காத்தை எங்கடா நம்பினேன்? உன்னைத்தானே நம்பினேன்.”

அந்நிய ஆள் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒப்பந்தத்தை மேலாளர் பக்கம் நகர்த்தி, மாலை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலருகே போனவளுக்குச் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. பத்தாக எட்டு நிமிடம். இன்றைய பதிவு இன்னும் ஆகவில்லை. ஆகாவிட்டால் நாளைய மாலை பாழ். கணினி தம்பியின் பையில் இருந்தது.

திரும்பி வந்து கையை நீட்டினாள். அவனோ பழக்கதோஷத்தில் கணினியை எடுத்து, பதிவுப் பக்கத்தைத் திறந்து, விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு, “எவ்ளோக்கா?” என்றான். பதினோரு வருடமாகத் தினமும் கேட்கிற கேள்வி. அவளுக்கும் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கணினியை வாங்கி மேசையில் வைத்தாள். பள்ளிக்கூட நாளில் அவன் பார்த்து எழுதட்டும் என்று கணக்கு நோட்டைத் திறந்தே வைத்தவள், இப்போது இடது கையால் திரையை மறைத்துக்கொண்டு வலது கையால் எண்களைத் தட்டினாள். மாலை ஆறு மணிக்கான கட்டத்துக்கு அவள் வந்தபோது, அவனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.