பளீல் முதலாளி கண்ட பச்சைக்கொடி

கொழும்பு யூனிவர்சிட்டி கொலேஜுக்குப் பிரவேசப் பரீட்சை எழுதிவிட்டு வந்த நாளிலிருந்து ஹபீலுக்குச் சோறு இறங்கவில்லை. இலங்கை முழுவதிலுமிருந்து எழுதிய கூட்டத்தில் கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள். அந்தக் கொஞ்சத்தில் கட்டுகஸ்தோட்டைப் புடவைக்கடை பளீல் முதலாளியின் மகன் உண்டா இல்லையா என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் அவசரமில்லை.

அவசரமெல்லாம் ஹலீம் மாமாவுக்குத்தான். உம்மாவின் தம்பியான அவர் நாவலப்பிட்டி ஸ்டேஷனுக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். ரயில்வேக்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி ஊற்றி, ரயிலையே தாம்தான் ஓட்டுகிறோம் என்ற நினைப்பு வந்துவிட்ட மனிதர். தேயிலை விலை விழுந்து படித்தவனெல்லாம் தெருவில் நிற்கிற காலத்தில், யார் யாரையோ பிடித்து, அதே ஸ்டேஷனில் சரக்கு ஏற்றியிறக்கும் குட்செட்டில் மருமகனுக்கு ஒரு கிளாக்கர் வேலை பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். கொழும்புப் பதிலோ அடுத்த மாதம்தான் வரும்.

ஹபீலுக்கு ரயில்வேயின் மேல் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் பரீட்சைக்குப் போனபோது அந்தக் கொலேஜின் வாசிகசாலையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். “தம்பி, ரெண்டு யார் துணி வெட்டு” என்று யாரும் கூப்பிடாமல் ஒருவன் நாள் முழுக்க வாசித்துக்கொண்டே இருக்க உலகத்தில் ஓர் இடம் உண்டு என்பது அவனுக்குப் பெரிய அதிசயம். அந்த அதிசயத்தை விட்டுவிட்டுத் தேயிலைப் பெட்டி எண்ணப் போவதை நினைத்தாலே அழுகை வந்தது.

வேலைதான் நல்லதென்று வாப்பாவும் சொல்ல, வீட்டில் சத்தம் கூடியது. கடைசியில் அவரே, சண்டை வேண்டாம், எல்லாரும் மூன்று இரவு இஸ்திகாரா தொழுவோம் என்றார். இரண்டு ரக்அத் தொழுது, நல்லதைக் காட்டு என்று அல்லாஹ்விடம் கேட்டுவிட்டுப் படுப்பது. கனவில் வெள்ளையோ பச்சையோ வந்தால் செய்யலாம். கறுப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடலாம். கனவு கட்டாயமில்லை, மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே போதும் என்று பள்ளிவாசல் லெப்பை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது? கனவு இல்லாத இஸ்திகாரா இந்த ஊர்க்காரர்களுக்கு இறைச்சி இல்லாத கந்தூரி விருந்து.

கனவுகள் வரிசையாக வந்தன. எல்லாக் கனவும் ஒரே ரயிலில் ஏறின. மாமாவின் கனவில் பச்சைக் கோட்டுப் போட்ட ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்கே சலாம் சொன்னார். வாப்பாவின் கனவில் நாவலப்பிட்டி ரயில் நின்றது. கார்ட் பச்சைக்கொடி காட்டினார். உம்மா நாவலப்பிட்டி மலையில் வெள்ளைத் துணி காய்வதைக் கண்டாராம். ஹபீலின் கனவில் மட்டும் ஒரு கோழி ஓடியது. கோழி என்ன நிறம் என்று மாமா விசாரித்தார். ஞாபகமில்லை என்றதும், வெள்ளையாகத்தான் இருக்கும், நாவலப்பிட்டியில் வெள்ளைக் கோழிதான் அதிகம் என்று தீர்த்துவிட்டார்.

மூன்றாவது இரவு கோழிகூட வரவில்லை. விடிந்தது, வெள்ளிக்கிழமை. கிணற்றில் தண்ணீர் அள்ளியபடியே ஹபீல் சொந்தமாக ஒரு கனவு தயாரித்தான். வெள்ளைத் தலைப்பாகைக் கிழவர், பச்சை மரம், கையில் தடித்த புத்தகம், விரல் கொழும்புப் பக்கம். நல்ல கனவுதான். ஆனால் பொய்க் கனவு சொன்னவன் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளைச் சேர்த்து முடிச்சுப் போடவேண்டும் என்று லெப்பை பள்ளிவாசல் பயானில் சொல்லியிருந்தார். கட்டுகஸ்தோட்டையில் வாற்கோதுமையைக் கண்டவர் எவருமில்லை. ஆனாலும் முடிச்சு விழாது என்பது விளங்கியது. அங்கே வாற்கோதுமையா, இங்கே ஆயுசு முழுக்கக் குட்செட்டா என்று யோசித்துப் பார்த்து, வாற்கோதுமையே பரவாயில்லை என்ற முடிவோடுதான் உள்ளே போனான்.

வாப்பா கதிரையில் இருந்தார். கண் சிவந்து முகம் வீங்கிக் கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் தலைப்பாகைக் கிழவர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டார்.

“எனக்குக் கனவு ஒண்டும் வரல்ல வாப்பா,” என்றான். “மூணு ராவும் தொழுத. மனசு மட்டும் கொழும்ப விட்டு அசையுதில்ல. பதில் வாற வரைக்கும் நான் இருந்து பாக்கப்போற.”

மூன்று பேர் கண்ட கனவை ஒருவன் காணாத கனவு வெல்லுமா என்று மாமா சட்டம் பேசத் தொடங்கினார். குசினி வாசலில் நின்ற உம்மா அவரை முடிக்க விடவில்லை.

“ஹபீல்ட வாப்பா, நீங்க எங்க தூங்கின, கனவு காண? விடிய விடியப் புரண்டுகிட்டுத்தானே கிடந்தீங்க. நானும் முழிச்சிக்கிட்டுத்தான் ஈந்த. புள்ள கொழும்பு வரைக்கும் தூரமாப் போனா திரும்பி வரமாட்டானோண்டு நம்ம ரெண்டு பேருக்கும் பயம். அதுக்குப் பேர் கனவில்ல.”

வாப்பா கதிரையை ஹபீல் பக்கம் திருப்பிப் போட்டார். தம்முடைய ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் நிசம் என்று மாமா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

“இல்லெண்டு பதில் வந்தா?” என்று கேட்டார் வாப்பா.

“கடையில நிக்கிறேன். ஒண்டும் கதைக்கமாட்டேன்.”

“சரி. இருந்து பாரு.”

மாமா குடையை எடுத்துக்கொண்டு, இனி இந்தக் குடும்பத்தில் எவனுக்கும் நல்லது செய்வதில்லை என்று சபதம் போட்டுவிட்டுப் படியிறங்கினார். அவரோடு வேலையும் போனது. உம்மா சுடச்சுட ரொட்டி கொண்டுவந்து வைத்தார். ஹபீல் ஒரு துண்டை வாயில் போட்டான். அப்போதுதான் விஷயம் விளங்கியது.

இதுவரை, கொழும்பு கிடைக்காவிட்டால் வாப்பா தடுத்துவிட்டார் என்று ஆயுசு முழுக்கக் குறை சொல்லித் திரியலாம் என்ற வசதி இருந்தது. இப்போது தடுக்க ஒருவருமில்லை. இனி இல்லை என்று பதில் வந்தால், குறை ஹபீலுடையதுதான். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மூன்று இரவும் கையேந்தி அழுது அழுது அவன் கேட்டதெல்லாம், யா அல்லாஹ், வாப்பாவின் மனதை மாற்று என்பது ஒன்றுதான். கொலேஜில் ஓர் இடம் கொடு என்று கேட்கவேயில்லை.

ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு, மறுபடி தொழுது கேட்க, வுளூ எடுக்கக் கிணற்றடிக்கு ஓடினான்.