மூன்று வெற்றிலை வாங்கிய கைக்காரர்

சூசையப்பர் பெரிய கோயிலின் கூரை எரிந்து தணிந்த வாரத்தில், உத்தரத்துக்கு அளவெடுக்க உள்ளே போன கைக்காரர் அமிர்தநாதனால் வெளியே வர முடியவில்லை. கதவு எதுவும் பூட்டியிருக்கவில்லை. கரிந்த கதவைக் கழற்றி மதில் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் வாசற்படியைத் தாண்டி வெளியே கால் வைத்தால் கால் உள்ளேதான் விழும், முகம் பீடத்தைப் பார்த்திருக்கும். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். எங்கள் பெருமாட்டி ஊர் ஆடுகள்கூட வந்து சாம்பலை முகர்ந்துவிட்டுப் போயின. அவருக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. முதலில் கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்துகூட ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு தேங்காய் விலை ஏறியது, அதைப் பேசப் போய்விட்டார்கள்.

அமிர்தநாதன் மின்சார வாரியத்தில் ஓய்வு பெற்றவர். சர்வீஸில் இருந்த காலம் முழுக்க யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கம்பம் கேட்டவர்களுக்கெல்லாம் கம்பம் தருவதாகச் சொன்னார், பாதி வயல்கள் இன்னும் கம்பத்துக்குக் காத்திருக்கின்றன. இப்படிப்பட்டவரைத்தான் கோயில் சொத்தைக் கவனிக்கும் கைக்காரராக ஊர் தேர்ந்தெடுத்திருந்தது. திருவிழா சீரியல் விளக்கில் தீப்பிடித்து நூற்றாண்டுத் தேக்குக் கூரை போனபின், புதுக் கூரையை எதில் போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கையால் வெற்றிலை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. பத்திரம் எழுதினால்கூட அழிக்கலாம், இதை அழிக்க முடியாது.

முதலில் வெற்றிலையோடு வந்தவர் ஈஸ்வரமூர்த்திக் கவுண்டர். பழைய கூரைக்கு மரம் கொடுத்ததே அவர் தோப்புதான். "ஏனுங்க கைக்காரரே, ஊடு கட்டறதுக்குன்னு அறுத்துக் காயப் போட்ட தேக்கு கொட்டாயில கெடக்குதுங்க. எனக்குக் கட்டுனா என்ன, சூசையப்பருக்குக் கட்டுனா என்னங்க" என்றார். அமிர்தநாதன் வாங்கிக்கொண்டார். அடுத்து மனைவியின் தம்பி ஜோஜோ, பொள்ளாச்சியில் இரும்புக்கடை வைத்திருப்பவன், இரும்புச் சட்டத்தில் கூரை போடலாம் என்று வெற்றிலை நீட்டினான். வாங்கிக்கொண்டார். மூன்றாவதாக உடும்பஞ்சோலையிலிருந்து சம்மந்தி சந்தியாகு வந்தார். ஏலத்தோட்டக்காரர், அவர் மகனுக்கும் அமிர்தநாதன் மகள் பிரிஸ்காவுக்கும் நிச்சயமாகித் தாம்பூலம் மாற்றியிருந்தது. தோட்டத்து நிழலுக்கு நிற்கும் அயினி மரங்களை வெட்டி லாரியில் அனுப்புவதாகச் சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டார். மூன்று வெற்றிலையையும் ஒரே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டேப்பை எடுத்து உள்ளே போனார். அதற்குமேல் என்ன நடக்கும்?

கூரையில்லாத கோயிலில் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். திரிச்சூரிலிருந்து வந்த இன்ஜினியர், இந்தச் சுண்ணாம்புச் சுவர் இரும்பைத் தாங்காது, பச்சை அயினி ஒரு மழைக்காலத்திலேயே முறுக்கிக்கொள்ளும், காய்ந்த தேக்கு ஒன்றுதான் வழி என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவரால் போக முடிந்தது. அமிர்தநாதன் ஜோஜோவைக் கூப்பிட்டு, தலையைக் குனிந்தபடி வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு வீட்டிலிருந்து சில நாள் உப்பில்லாத ரசம் வந்தது. ஆனால் அன்றைக்கு அவர் வலது கால் வெளியே போயிற்று. இடது கால் உள்ளே நிற்க, படியின் இரண்டு பக்கமும் கால் வைத்து மத்தியானம் வரை நின்று பார்த்தார். தபால்காரர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு போனார்.

மிச்சமிருந்தது சம்மந்தி. மரம் வேண்டாம் என்றால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் அவரில்லாமல் உடும்பஞ்சோலைக் கோயிலில் பெண் தனியே நடந்து போகவேண்டும். பங்குச்சாமியார் வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அமிர்தநாதன் அதற்கும் சரி என்றார்.

பிரிஸ்காதான் வந்து சொன்னாள். "அப்பா, நீங்க சொன்னாலும் கலியாணம் நிக்கும், சொல்லாட்டியும் நீங்க இல்லாம நான் கட்டிக்க மாட்டேன், நிக்குமுங்க. நிக்கறதுதான் நிக்குது, நீங்க வெளிய வந்து நில்லுங்க."

சந்தியாகு லாரியோடு வந்து இறங்கிய அன்று ஊர் முழுக்க மதிலோரம் இருந்தது. உள்ளே வந்தவரிடம், வாடிச் சருகாகிப் போன வெற்றிலையை அமிர்தநாதன் நீட்டினார். "உங்க மரம் ஆகாதுங்க சம்மந்தி. பச்சை மரமுங்க." வாய்விட்டு ஆகாது என்றது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"மரம் ஆவாது, எம் மவன் மட்டும் ஆவானோ?" என்றார் சந்தியாகு. "கல்யாணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் வாரேன்."

அமிர்தநாதன் படியைத் தாண்டினார். இரண்டு காலும் வெளியே மண்ணில் விழுந்தன. கூட்டத்தில் யாரோ அவருக்கு இளநீர் வெட்டினார்கள். அவருக்குப் பின்னாலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தியாகுவும் தாண்டினார். தாண்டியவர் பீடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். திரும்பி மறுபடி தாண்டினார். மறுபடியும் பீடம்.

"நிச்சயத் தாம்பூலம் இன்னும் அவருகிட்டத்தானுங்க இருக்குது" என்றார் ஈஸ்வரமூர்த்தி, லாரிக்காரனிடம், வண்டியைத் திருப்பச் சொல்லிக் கைகாட்டியபடி.

சந்தியாகு ரோஷக்காரர். மகன் மலையிலிருந்து இறங்கி வந்து, கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லும்படி அரை நாள் கெஞ்சினான். அவர் பீடத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு மட்டும் பிரிஸ்கா கொண்டு போனாள். இரண்டாவது தடவை சோறு போட்டபோது, "ஒங்க அப்பாவ வந்து ஒரு வார்த்த கேக்கச் சொல்லு, எல்லாம் சரியாவும்" என்றார்.

"அவசரமில்லைங்க மாமா" என்று அவள் குழம்பை ஊற்றினாள். "தேக்கை இழைச்சுக் கூரை ஏத்த எப்படியும் அடுத்த மழை தாண்டிருமுங்க."

அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு மோர் கேட்டார். மறுவாரம் தச்சர்கள் வந்து, சாரம் கட்டுவதற்கு முன்னால் அவர் உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.